சயான் வீட்டு சோபா

சண்முகவடிவுக்குத் தன் புருசன் கணேசபாண்டியனைக் கண்டால் ஆகாது என்று சொல்லிவிட முடியாது. ஆளைக் கண்டால் ஆகும். அவர் வாயைத் திறந்தால்தான் ஆகாது. மனுசனுக்குத் தெரியாத காரியம் தாராவியில் ஒன்று உண்டா? மழை எப்போது விடும், குழாயில் தண்ணி எப்போது வரும், கவர்மெண்டுக்காரன் எப்போது வந்து கட்டடம் கட்டித் தருவான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. முட்டி வலி என்று சைக்கிளை ஓரங்கட்டின நாளிலிருந்து அவருக்கு அறிவு பெருகிப் போயிற்று. அதற்கு முன்னால் இட்லிப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, பொம் பொம் என்று ஹாரனை அமுக்கியபடி காட்கோபர் வரைக்கும் மிதித்தவர்தான். இப்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் யோசனை சொல்லுகிறார். கேட்கிறவன் ஒருத்தனும் இல்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

அப்படி ஒரு யோசனைதான் சரஸ்வதி பூசை அன்றைக்கும் அவருக்கு உதித்தது. கிரைண்டர், இட்லிக் கொப்பரை, தட்டுகள், தொழிலை விட்ட சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. மகள் பிரேமலதாவின் லேப்டாப் பலகைமேல் மூடிக் கிடந்தது. கம்பெனி கொடுத்தது. "இதுவும் தொழில் சாமாந்தான்" என்று எடுத்தார். மூடிமேல் கம்பெனிப் பெயர் போட்டிருக்கிறதே, அதன்மேல் வைத்தால் மரியாதையாக இருக்காதே என்று ரொம்ப யோசித்து, பின்பக்கம் வரிவரியாகக் கீறல் விட்டிருந்த இடமாகப் பார்த்துச் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். மகள் பார்த்துக் கூப்பாடு போடுவதற்குள் சந்தனம் காய்ந்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து அந்த லேப்டாப் பெட்டி கொதிக்க ஆரம்பித்தது.

பிரேமலதாவுக்கு என்ன வேலை என்றால், ஊர்ப்பக்கத்து ஜனங்கள் மிக்ஸி ஓடவில்லை, குக்கர் கூவவில்லை என்று போன் போட்டால் வீட்டில் உட்கார்ந்தபடி அந்த லேப்டாப் வழியாகத் தமிழில் சமாதானம் சொல்லுகிற வேலை. ஆபீஸ் சான்பாடாவில். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கவே தடவுவாள், ஆனால் பேச்சு மட்டும் தேனாக ஒழுகும். "கொஞ்சம் ஆறவிட்டு ஓட்டுங்கம்மா, மோட்டார் சூடாயிருக்கும்" என்று அவள் சொல்லுகிறதைச் சண்முகவடிவு அடுப்படியில் நின்று கேட்டுப் பூரித்துப்போவாள். சோதனைக் காலம் முடிந்து, தீபாவளிக்கு முன்னால் நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

பூசை லீவு முடிந்த கையோடு அந்தக் கம்பெனி ஒரு உத்தரவு போட்டது. வேலை நேரம் முழுக்கக் கேமரா திறந்தே இருக்கணும், முகம் தெரியணும். "மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா மிக்ஸி ஓடிருமோ?" என்று சண்முகவடிவு கேட்டாள். "நீ சும்மா இரும்மா" என்றாள் மகள். அந்த உத்தரவு அத்தோடு மறந்துபோயிற்று. கொதிப்புதான் பெரிய பாடாக இருந்தது. காலையில் திறந்து வைத்துக் கொஞ்ச நேரத்துக்குள் உள்ளே இருக்கிற விசிறி ஊய் என்று ஊளையிடும். அடிப்பக்கத்தில் கை வைக்க முடியாது. பேசிக்கொண்டு இருக்கும்போதே திரை பொட்டென்று அணைந்துவிடும். அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்த பொம்பளை, மிக்ஸியும் போய் போனும் போன கோபத்தில் கம்பெனியை ஏசுவாள். இன்னும் இப்படியே லைன் அறுந்தால் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கலாம் என்று ஆபீஸில் மேலதிகாரியாக இருக்கிறவள் சொல்லிவிட்டாள்.

சண்முகவடிவின் ரெண்டு முழங்கையிலும் ஆவி அடித்து அடித்துத் தோல் கறுத்துச் சுருங்கிக் கிடக்கும். விடியுமுன்னே எழுந்து, இட்லிக்காரர்கள் பாத்திரத்தோடு வந்து நிற்பதற்குள் ஈடு ஈடாக வேகவைத்து இறக்கணும். இந்த ஆவி தன்னோடு போகட்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய வைராக்கியம். மகள் ஒரு துணிக்கடையில் நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கி வந்தவள். இப்போதுதான் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்திருக்கிறது. இதுவும் போனால் கரண்டியைத்தான் பிடிக்கணும். அந்த நினைப்பு வந்தாலே சண்முகவடிவுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நேராக வாசல் நாற்காலிக்குப் போகும்.

"மிசினுக்கு மூச்சு விடுத ஓட்டையில சந்தனத்த அப்புனா அது எங்கன மூச்சு விடும்? ஒங்க மூக்குல அப்பட்டுமா? இருப்பீகளா?"

"ஏட்டி, சந்தனம் குளிர்ச்சி. அதால எங்கன சூடாவும்? ஒங் கொப்பரை ஆவிதான் காரணம். இந்த ஒத்த அறைக் கோலிக்குள்ள எந்நேரமும் ஆவி. மனுசனுக்கே வேக்காடா இருக்கு, மிசினு என்ன செய்யும்?"

"இந்த ஆவியிலதான இத்தன வருசம் ஒங்க சட்டை வெளுத்திருக்கு?"

"நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்லு. ஆவி ஆவிதான்."

ஈர்க்குச்சியை எடுத்து, கீறல் கீறலாகச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள் சண்முகவடிவு. பழைய பல் தேய்க்கும் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். ஊதினாள். ஒரு சுண்டு விரலளவு தூள் விழுந்தது. அதை உள்ளங்கையில் வைத்து வாசலில் கொண்டுபோய்ப் புருசன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். இந்த மனுசனை என்ன செய்வது? பெட்டி அடுத்த நாளும் கொதித்தது.

பக்கத்துக் கோலி நூர் நிஷா நல்ல மனசுக்காரி. மகளுக்குக் காய்ச்சல் என்றாலும் ஐஸ், மிசினுக்குக் காய்ச்சல் என்றாலும் ஐஸ். பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அடியில வையுங்கக்கா, பட்டுனு எறங்கிரும்" என்றாள். வைத்தார்கள். பை பொத்தல். தண்ணி பலகையெல்லாம் வழிந்து, பிரேமலதா போன் பேசிக்கொண்டே பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றாள். வாய் மட்டும் "சொல்லுங்கம்மா, ஜார் மூடி சரியா மாட்டியிருக்கா?" என்று கேட்டபடி இருந்தது.

பிறகு வேல்ராஜ் வந்தான். கணேசபாண்டியனின் அக்கா மகன். தாராவியை ஒட்டின சயான் ஸ்டேஷன் வெளியில் மொபைல் கவர் விற்கிறவன். கவர் மாட்டுகிறதைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் தாடியைத் தடவிக்கொண்டு பெட்டியைப் புரட்டினான்.

"அத்தை, இது உள்ள கோர் போயிருக்கு."

"கோருன்னா என்னலே?"

"கோருன்னா... கோருதான். உள்ள இருக்கும். தொறந்து பாத்தாத்தான் தெரியும். ஸ்க்ரூட்ரைவர் இருக்கா?"

"தொறந்தா வேல போயிரும் அத்தான்! அடியில சீல் ஒட்டிருக்கு, பாருங்க. அது கிழிஞ்சா கம்பெனி ஒத்துக்கிடாது" என்று பிரேமலதா பறித்துக்கொண்டாள்.

"அப்ப தொறக்காம எப்படிப் பாக்கது?" என்றான் வேல்ராஜ்.

"அதத்தானலே நீ சொல்லணும். தொறந்து பாக்கதுக்கு ஒம் மாமாவே போதும்" என்றாள் சண்முகவடிவு. வந்ததற்கு நாலு இட்லியைச் சட்னி விட்டுத் தின்றுவிட்டு, "எதுக்கும் ஃபேனுக்குக் கீழ வையுங்க" என்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போனான். ஃபேன் சுற்றுகிறதே அக்டோபர் வெயிலுக்குச் சூட்டை மேலிருந்து கீழே இறக்குவதற்குத்தான். தகரக் கூரை. மழை நின்ற கையோடு வெயில் வந்து கூரைமேல் உட்கார்ந்திருந்தது.

வாசல் நாற்காலிக்காரர் சொன்னது மட்டும் சண்முகவடிவின் மனசுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. ஒருவேளை ஆவிதானோ? காலையில் மகள் உட்காருவதற்குள் ஈடு முடிந்துவிடும். மத்தியானம் ஒரு ஈடு உண்டு. சாயங்காலத்துக்கு ஒரு கேண்டீன்காரன் வாங்குவான். பல வருசத்து வாடிக்கை. புருசனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கேண்டீன்காரனுக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, கொஞ்ச நாளைக்கு மத்தியான இட்லி கெடையாது" என்றாள். அவன் காரணம்கூடக் கேட்கவில்லை. மறுநாளே அடுத்த சந்தில் மாரீஸ்வரியிடம் வாங்க ஆரம்பித்துவிட்டான். மாரீஸ்வரி இட்லி கல்லு மாதிரி இருக்கும். இருந்தாலும் வாங்கினான். மனுசங்க லட்சணம் அவ்வளவுதான்.

மத்தியானக் கொப்பரை அணைந்தது. பெட்டி கொதிப்பது அணையவில்லை.

ஏதோ ஒரு வேகத்தில், வேலையில்லாமல் கிடந்த இட்லித் தட்டு ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தாள். குழிக்குழி ஓட்டை வழியாகக் கீழே காற்றுப் போயிற்று. அன்றைக்குக் கொஞ்சம் தாக்குப் பிடித்தது. கணேசபாண்டியன் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இதத்தான் நான் மொதல்லயே சொல்ல நெனச்சேன்" என்றார். பதில் சொல்லுகிற தகுதியெல்லாம் அந்தப் பேச்சுக்குக் கிடையாது.

முடிவு தெரிகிற நாளும் வந்தது. மத்தியானம் எல்லாரையும் வீடியோவில் கூப்பிட்டு யார் நிரந்தரம், யார் வீட்டுக்கு என்று சொல்லப்போகிறார்கள். கூட்டம் நடக்கும்போது திரை அணைந்தால் அத்தோடு சரி. தட்டுமேல் இருந்த பெட்டி மறுபடி ஊளையிட ஆரம்பித்திருந்தது. வேறு வழியில்லாமல் பிரேமலதா கம்பெனியில் மிசின் பார்க்கிற சாய்நாத்துக்குப் போன் போட்டாள். அவள் போனில் காதில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர் செத்து ரொம்ப நாளாயிற்று. வெளியே அலறவிட்டுத்தான் பேச முடியும்.

"அரே பிரேமலதா, உன் கம்ப்ளெயிண்ட் பாத்தேன். டென்ஷன் எடுக்காதே. நான் இப்போ சயான்லதான் இருக்கேன், இன்னொரு வேலையா வந்தேன். உன் பில்டிங் பேரைச் சொல்லு. பத்து நிமிஷத்துல வந்து பாத்துடறேன்."

பிரேமலதா முகம் மாவு மாதிரி வெளுத்துப் போயிற்று. "வேண்டாம் சார்! வீட்டுல... வீட்டுல பெயிண்ட் அடிக்காங்க."

சண்முகவடிவு சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றுபோயிற்று. பெயிண்டா? வைத்தியன் வாசலுக்கு வருகிறேன் என்கிறான், இவள் வேண்டாம் என்கிறாளே?

"அப்போ ஒண்ணு சொல்லு. கேமராவுல பின்னாடி படம் போட்டு வெச்சிருக்கியா? ஹால், சோபா, அந்த மாதிரி?"

"...ஆமா சார்."

"அதைத் தூக்கு முதல்ல. உங்களுக்குக் குடுத்ததெல்லாம் பழைய டப்பா. நாள் பூரா உன்னை வெட்டி வெட்டி அந்தப் படத்துல ஒட்டறதுக்கே அது பாவம் மூச்சுத் திணறுது. படம் எடுத்தா ரெண்டு நிமிஷத்துல ஆறிடும். இந்த வாரம் எல்லாருக்கும் இதே ரோதனை. சலோ, வெக்கறேன்."

போன் அணைந்தது. பெட்டி மட்டும் ஊய் என்று கூவிக்கொண்டிருந்தது.

சண்முகவடிவு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூக்குக் கண்ணாடி ஆவியில் எப்போதும் பூத்திருக்கும் என்று கழற்றி வைத்திருப்பாள். அதை எடுத்து, நைட்டியில் துடைத்து, மாட்டினாள். மகள் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தாள். திரை பூராவும் எழுத்து. மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். "பெருசாக்கு" என்றாள். பிரேமலதா அசையவில்லை. "பெருசாக்குட்டி." பெரிதாயிற்று.

அதில் பிரேமலதா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பால்நிறத்தில் ஒரு சோபா. பக்கத்தில் தொட்டியில் அகல இலைச் செடி. பெரிய ஜன்னல், வெள்ளைத் திரை, வெளியே ஆகாயம். தூசி தும்பு இல்லை.

"யாரு வீடுட்டி இது?"

"யாரு வீடும் இல்லம்மா. படம். அதுக்குள்ளயே இருக்கும். பின்னால இருக்கது தெரியாம மறைக்கும்."

"பின்னால என்ன இருக்கு?"

பிரேமலதா பலகை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"கேக்கேம்லா. பின்னால என்ன இருக்கு?"

"கொப்பரை."

"பெறவு?"

"மாவுச் சட்டி. துணி போட்ட கொடி. அப்பா படுக்க கட்டில்."

"பெறவு?"

பிரேமலதா தலையைக் குனிந்துகொண்டு, "நீ" என்றாள்.

சண்முகவடிவு நிமிர்ந்தாள். பின்னுக்குப் போய்க் கொப்பரைப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். சோபா இருந்தது, செடி இருந்தது, அவள் இல்லை. கையைத் தூக்கி ஆட்டினாள். சோபாவுக்குமேல் நாலு விரல் தெரிந்து மறைந்தது. மறுபடி ஆட்டினாள். முழங்கை மட்டும் வந்தது, உடனே ஜன்னல் திரை வந்து அதை விழுங்கிவிட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நல்லா இருக்குட்டி. ரொம்ப நல்லா இருக்கு. நான் மத்தியான ஈட்ட நிப்பாட்டுனேன். மத்தியானத்துக்கு இருந்த ஒரு வாடிக்கையும் மாரீஸ்வரிக்குப் போயிட்டு. அந்தா உக்காந்திருக்காரே, அவர நாக்கப் பிடுங்குத மாதிரி ஏசுனேன், சந்தனத்தால கெட்டுச்சுன்னு. அந்தப் பாவப்பட்ட நூர் நிஷா வீட்டு ஐசப் பூராத்தையும் கொண்டாந்து கொட்டுனா. இம்புட்டுப் பேரும் தவிச்சுக் கெடக்கோம், நீ வாயத் தொறக்காம சோபால உக்காந்திருக்க."

"எனக்கு அதாலதான் சூடாவுதுன்னு தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

"சயான்னு சொன்னது தெரியும்லா? பில்டிங்கு இருக்குன்னு சொன்னது தெரியும்லா? எந்த மாடிட்டி? லிஃப்டு வச்ச வீடா?"

வாசலிலிருந்து கணேசபாண்டியன் எட்டிப் பார்த்தார். "அப்ப சந்தனத்தால இல்லையே?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவருக்கு அது ஒன்றுதான் பெரிசு. சண்முகவடிவு திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடி நாற்காலிக்குப் போனார்.

பிரேமலதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் அவளுக்கும் வாய் வரும். தாய்க்குப் பிறந்த பிள்ளைதானே.

"மொத நாளு ஒவ்வொருத்தரா எங்க இருக்கேன்னு கேட்டாங்க. எனக்கு முன்னால ஒரு பிள்ள தாராவின்னு சொல்லிச்சு. அங்க கரண்டு நிக்குமா, நெட்டு வருமா, சத்தமா இருக்குமான்னு அவகிட்ட மட்டும் அத்தன கேள்வி. அடுத்தது நான். சயான்னுட்டேன். ஏன், நீ சொன்னதே இல்லயா? என்னய ஸ்கூல்ல சேக்க கூட்டிட்டுப் போனியே, 'கேட்டா சயான்னு சொல்லு, தாராவின்னு சொல்லிராத'ன்னு வழி பூரா சொல்லிக் குடுத்தது யாரு? தாராவின்னு வாய் தவறிச் சொன்னதுக்கு வெளிய வந்து தொடையில கிள்ளுனது யாரும்மா?"

அந்தக் கிள்ளு சண்முகவடிவுக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளை அழாமல் நின்றதும் ஞாபகம் இருந்தது.

அதற்குள் கூட்டத்துக்கு நேரமாயிற்று. திரை கட்டம் கட்டமாகப் பிரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம். நடுவில் மேலதிகாரி விஜயலக்ஷ்மி. மாட்டுங்காக்காரி. மூக்குத்தியும் இஸ்திரி போட்ட புடவையுமாக, ஏதோ நாற்றத்தை மோந்த மாதிரி உதட்டை வைத்துக்கொண்டு பேசுகிறவள்.

"எல்லாரும் இருக்கேளா? சீக்கிரம் முடிச்சுடறேன், எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு. யாரு ஆத்துலேருந்தோ கூவற மாதிரி ஒரு சத்தம் வந்துண்டே இருக்கே, யாரது?"

பிரேமலதாவின் பெட்டிதான் கூவியது. மத்தியான வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இட்லித் தட்டின் விளிம்பே சுட்டது. திரை ஒரு தடவை கண் சிமிட்டுகிறாற்போல் மங்கித் தெளிந்தது. அணைகிறதற்கு முன்னால் அப்படித்தான் செய்யும். பிரேமலதாவுக்கும் தெரியும், பின்னால் நின்றவளுக்கும் தெரியும். மகள் விரல் படத்தை எடுக்கிற இடத்தில் போய் நின்றது. அமுக்கவில்லை. அவள் கழுத்து வேர்த்து ஒழுகியது.

சண்முகவடிவு கரித்துணியை எடுத்துக் கொப்பரையின் ரெண்டு காதையும் பிடித்தாள். காலைத் தண்ணி பாதி அப்படியே கிடந்தது. தம் பிடித்துத் தூக்கினாள்.

"இந்தா, எந்திரிங்க" என்று வாசலைப் பார்த்துச் சத்தத்தை அடக்கிச் சொன்னாள். "கட்டில மடிச்சு வெளிய போடுங்க. கொடித் துணியவும் உருவுங்க. நாம தெருவுல நிப்போம். ஒங்க மவ வீட்டுல சோபா போடணுமாம். நாமளும் கொப்பரையும் கெடந்தா எடம் பத்தாது."

அவரும் ஏதோ உத்தரவு என்று நிஜமாகவே எழுந்து கட்டிலை மடிக்க வந்தார். அதுதான் பிரேமலதாவுக்குத் தாங்கவில்லை. ஆத்தா ஏசினால் தாங்கலாம். அப்பா முட்டி வலியோடு குனிந்து, மூச்சு வாங்க, கட்டில் கால்களை மடக்கிக்கொண்டிருந்தார். எதற்கு மடக்குகிறோம் என்றுகூடக் கேட்கவில்லை.

"யம்மா, கொப்பரைய கீழ வையி" என்றாள். "அப்பா, கட்டில விடுங்க."

அமுக்கிவிட்டாள்.

சோபா போயிற்று, செடி போயிற்று, ஆகாயம் போயிற்று. அது இருந்த இடத்தில் தகரச் சுவர். கொடியில் கணேசபாண்டியனின் பனியன். மடிந்தும் மடியாத கட்டில். கொப்பரையைத் தூக்கிய வாக்கிலேயே நைட்டியும் தோளில் ஈரத் துண்டுமாகச் சண்முகவடிவு. ஒன்றையும் விடாமல் காட்டியது. பிரேமலதா ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அடி விழட்டும் என்று காத்திருந்தாள்.

ஊளை இறங்கியது. மெதுவாக இறங்கி, முனகி, நின்றேவிட்டது. கோலிக்குள் திடீரென்று சத்தமே இல்லை.

"அப்பாடா, நின்னுது" என்றாள் விஜயலக்ஷ்மி. "நான் யாராத்துலயோ மாவு மிஷின் ஓடறதுன்னு நெனைச்சிண்டிருந்தேன். யாரு, பிரேமலதாவா? உனக்குக் கன்ஃபர்ம் பண்ணியாச்சு. லெட்டர் மெயில்ல வரும். அடுத்தது ஹரிதா."

"மேடம்" என்றாள் பிரேமலதா. "மேடம், எங்க வீடு சயான்ல இல்ல. தாராவி. பொய் சொல்லிட்டேன்."

விஜயலக்ஷ்மி வேறு எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். "எங்க இருந்தா என்னம்மா? லைன் கட்டாகப்படாது. அவ்வளவுதான். ஹரிதா, இருக்கியா?"

முடிந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சண்முகவடிவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏளனமாக ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தாலும் பதிலுக்கு நாலு கொடுத்திருக்கலாம். கொப்பரையைத் தூக்கிக்கொண்டு குத்துக்கல் மாதிரி ஒருத்தி நிற்கிறாள், கண்ணைத் தூக்கிப் பார்க்க ஒரு நாதி இல்லை. இந்த மேடத்துக்குப் பயந்தா பெற்றவளைப் படத்திலிருந்து அழித்தாள் இந்த மகள்? கொப்பரையை டங்கென்று கீழே வைத்துவிட்டுத் திரைப் பக்கம் வந்தாள். ஹரிதா என்கிற பிள்ளை, செம்பூர்க்காரியாம், சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் பால்நிற சோபா. அகல இலைச் செடி.

"ஏட்டி, இவ வீட்டுலயும் அதே சோபாவா?"

"மெதுவா பேசும்மா" என்று பிரேமலதா மைக்கை அணைத்தாள்.

"அந்தா, மேல கட்டத்துல இருக்கவ வீட்டுலயும் அதே செடி. எல லேசா மடங்கியிருக்கு பாரு, அதும் அதேதான். எல்லாரும் ஒரே வீட்டுலயா குடியிருக்கீங்க?" சண்முகவடிவு எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் விட்டாள். எண்ண வேண்டியதே இல்லை. அந்தக் கூட்டத்தில் துணி காய்கிற வீடு இவர்களுடையது ஒன்றுதான். "சவங்க" என்றாள்.

அந்தச் சமயம் கணேசபாண்டியன் உள்ளே விட்டுவிட்டுப் போன செருப்பை எடுக்க வந்தார். கேமரா திறந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. முட்டி வலிக்கிற மனுசன், மகள் முதுகுக்குப் பின்னால் முட்டிபோட்டுத் தரையோடு தரையாகத் தவழ்ந்து போனார்.

"எந்திரிச்சு நடங்க!" என்று கத்தினாள் சண்முகவடிவு. "ஒங்க வீட்டுக்குள்ள நீங்க நடக்கதுக்கு யாரு கேக்கணும்? கோட்டிக்கார மனுசா, நேரா நடங்க. அப்படியே போயி அந்தக் கேண்டீன்காரன்கிட்ட சொல்லுங்க. மத்தியான ஈடு இன்னைல இருந்து உண்டு. மாரீஸ்வரி இட்லியத் தின்னு எவனுக்காவது பல்லு போயிருந்தா அதுக்கு நாம பொறுப்பில்லன்னும் சொல்லுங்க."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். திரையில் அவர் பனியனும் தொப்பையுமாக முழுசாகத் தெரிந்தார். தலையைக் கோதிக்கொண்டார். "சந்தனத்தால இல்லன்னு நான் மொதல்லயே சொன்னேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கூட்டம் கலைந்தது. பிரேமலதா முகத்தை அலம்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். போன்கள் வர ஆரம்பித்தன. சண்முகவடிவு கொப்பரைக்குத் தண்ணி நிறைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்று குறைந்தது. வந்து, புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறிக் கிடந்தது. ஒரு கையால் பெட்டியைத் தூக்கி, அடியில் இருந்த தட்டை மறுகையால் உருவினாள்.

"யம்மா, தட்ட எடுக்காத" என்று பிரேமலதா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள். "திரும்பச் சூடாயிட்டுன்னா?"

"சூடாச்சுன்னா சோபா மேல வையி."

தட்டைக் கழுவினாள். துணியை நனைத்துப் பிழிந்து விரித்து, மாவை ஊற்றினாள். அதைத் தூக்கிக்கொண்டு மகளுக்குப் பின்னால் குறுக்கே நடந்தபோது, திரை மூலையில் ஒரு பெருத்த பொம்பளை தட்டோடு போவது தெரிந்தது. நின்று பார்த்தாள். அவசரமில்லாமல், வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

பிரேமலதா நகரச் சொல்லவில்லை. பெட்டியை வெறும் பலகையில் சரியாக வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, எந்த ஊர்லேருந்து பேசுறீங்க?" என்று அடுத்த போனில் கேட்டாள்.